மூப்பர் வாசித்த அறிவித்தல்

"இதென்ன... எங்கட சனம் முழுக்க ஒரே ஊராய்ப் போச்சுதே!"

ஜசிந்தா போட்ட சத்தத்தில், மேசைக்குக் கீழே குந்தியிருந்து வயர் கொழுவிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்தில் மேசை விளிம்பு அவன் உச்சந்தலையைப் பதம் பார்த்தது.

"ஆ...!"

பாவம் என்று நினைத்திருக்கலாம். அவள் நினைக்கவில்லை. அவளுடைய கண்கள் அந்தப் புதுக் கணினியின் திரையிலேயே நின்றன. நேற்றுவரைக்கும் கொக்கிளாய், முள்ளியவளை, அக்கராயன் என்று ஆளுக்கொரு ஊரோடு இருந்த கோயில் சனம், இன்றைக்குக் காலையில் பார்த்தால் மொத்தமாகப் பூந்தோட்டம் அகதி முகாம்! எழுபது வயதுக் கிழவனுக்கும் ஊர் பூந்தோட்டம் முகாம். அவள் அம்மா இராசமலருக்கும் பூந்தோட்டம் முகாம்.

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வவுனியாவில் இருந்த அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் சின்ன அலுவலக அறைக்குள், உச்சந்தலையைத் தடவிக்கொண்டே அவன் எழுந்து நின்றான். நெடிய உருவம். மழையில் நனைந்து ஒட்டிப்போன நீலச் சேட்டு. கண்டி வீதிக் கணினி நிலையத்திலிருந்து பாதர் கூப்பிட்டிருந்த பொடியன். பெயர் கிருபன் என்று பாதர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"புதுப் புரோகிராமில ஊருக்கு ஒரு இடம்தான் இருக்கு, மிஸ். பழசில நீங்கள் ஒவ்வொரு ஆளுக்கும் நாலைஞ்சு ஊரை வரிசையாய் எழுதி வைச்சிருக்கிறீங்கள். அதில கடைசியா உள்ளதைத்தான் இது எடுத்திருக்கு."

"கடைசியா இருந்த இடம்தான் ஊரோ? அப்ப நீங்கள் கடைசியா ஏறின பஸ்ஸும் உங்கட ஊரோ?"

அவன் சிரித்துவிட்டான்.

சிரிக்கட்டும்... ஆனால் அந்தச் சிரிப்பு வாயில் தொடங்கிக் கண்ணில் போய் முடிந்ததே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நல்ல கறுத்த விழிகள். இமை மயிரில் இன்னும் இரண்டு மழைத்துளி நின்றது. ஒரு ஆம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு நீண்ட இமை...? சீ, இப்போது அதுவா முக்கியம்!

"சிரிக்காதேங்கோ. கோயில் புத்தகங்களை எல்லாம் விட்டிட்டு ஓடிவந்த சனம் இது. ஞானஸ்நானம் எங்க எடுத்தது, கலியாணம் எங்க முடிச்சது எண்டு ஒவ்வொருத்தரிட்டையும் கேட்டுக் கேட்டு நான்தான் மூண்டு வருசமாய் அடிச்சனான். அந்தோனிப்பிள்ளை எண்டு மட்டும் எத்தனை பேர் தெரியுமே? ஊரை எடுத்தால் ஆர் எவர் எண்டு எனக்கே தெரியாது."

கிருபனின் சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் இருந்த பழைய கணினியை ஒருதரம் பார்த்தான். கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக, இங்கிலிஷில் மட்டுமே பேசத் தெரிந்த பெட்டி அது. முன்பிருந்த வெள்ளைக்காரப் பாதர் விட்டுவிட்டுப் போனது. பிறகு அவன் அவளைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

"பழசு ஒண்டும் போகேல்லை, மிஸ். எல்லாம் பிளொப்பியில பத்திரமாய்க் கிடக்கு. ஊருக்கு எத்தினை இடமும் வாறமாதிரி நான் மாத்தித் தாறன். பேருகளை மட்டும் நீங்கள் தமிழில அடிச்சுத் தரவேணும். ஆனால்... நாள் எடுக்கும்."

"எடுக்கட்டும்."

அவ்வளவு கெதியாக ஏன் சொன்னோம் என்று அன்றிரவு பாயில் புரண்டபடி ஜசிந்தா தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் கிடைத்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள், அது வேறு கதை.

* * *

நாள் எடுத்தது. நன்றாகவே எடுத்தது.

மத்தியானம் கணினி நிலையத்து வேலை முடிந்ததும் கிருபன் சைக்கிளில் வருவான். வாசலில் நின்று தலையைத் துவட்டுவான். "மழை விடுற மாதிரி இல்லை, மிஸ்" என்பான். "நீங்கள் வந்தால்தானே அது பெய்யுது" என்பாள் அவள். பிறகு இருவரும் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பழைய பெட்டியில் இருக்கும் பெயரை அவன் வாசிக்க, அவள் புதுப் பெட்டியில் தமிழில் அடிப்பாள். அவன் வாசிக்கும் விதத்துக்கே அவளுக்குச் சிரிப்பு வரும்.

"ஸவரிமுட்டு..."

"சவரிமுத்து! அந்தாள் கேட்டால் உங்களைக் கட்டி வைச்சு அடிக்கும்."

"பெட்டிதான் அப்பிடி எழுதியிருக்கு, மிஸ். நான் என்னாங்க செய்றது?"

அந்த 'என்னாங்க' அவ்வப்போது அவனுடைய வாயிலிருந்து தவறி விழும். மற்ற நேரமெல்லாம் அவளைப் போலவே கதைப்பவன், சங்கடம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழுக்கு ஓடிவிடுவான். ஒருநாள் அவளே கேட்டாள்.

"உங்கட ஊர் எது?"

"எங்கட அம்மாவைக் கேட்டால் தேயிலைத் தோட்டத்தின்ர பேரைச் சொல்லுவா. அங்க கலவரத்தில அடிச்சுக் கலைக்க இஞ்ச வந்தவை. இஞ்ச ஆக்களைக் கேட்டால் மலைநாட்டுச் சனம் எண்டுவினம். நான் பிறந்து வளந்தது இஞ்ச, மகாறம்பைக்குளத்தில. இதில எதை எழுதுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

"அப்ப உங்களுக்கும் ஒரு இடம் மட்டும் காணாது."

அவள் சும்மாதான் சொன்னாள். ஆனால் அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்த பார்வையில், அவளுடைய விரல் விசைப்பலகையில் வழி தவறிப் போனது.

அவனுக்கு அம்மா மட்டும்தான். பெயர் ராக்காயி. பகல் முழுக்க வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. "மாரியம்மன் எண்டால் அவவுக்கு உயிர். நான் ஒரு வேதக் கோயில்ல வேலை செய்யிறன் எண்டதும், 'அங்க இருக்கிற அம்மாவும் நல்ல அம்மாதான், கும்பிட்டுட்டு வேலையத் தொடங்கு' எண்டவா" என்று ஒருநாள் சொன்னான்.

ஜசிந்தாவுக்கும் அம்மா மட்டும்தான். கொக்கிளாயிலிருந்து வெளிக்கிட்டபோது அவளுக்கு ஏழு வயது. முள்ளியவளையில் பள்ளிக்கூடம். அக்கராயனில் மலேரியாக் காய்ச்சலில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, தாயும் மகளும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இராசமலர் விடியமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகளைப் படிப்பித்தாள். வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் முன்னால் நிற்பது ஆர் என்று பார்க்கமாட்டாள். பிழை தன்னுடையது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே இறங்கியும் விடுவாள்.

அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? மலைநாட்டுப் பொடியன்... சைவம்... எதைச் சொல்வது? சொல்ல என்ன இருக்கிறது? அவன் வாய் திறந்து ஒரு சொல் சொன்னானா? 'மிஸ்' என்பதைத் தாண்டி ஒரு அங்குலம் வந்தானா?

வேலை முடியப்போகிறது. அது முடிந்தால் அவன் வரமாட்டான். வாசலில் தலை துவட்ட ஆள் இருக்காது. அதை நினைத்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அட, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

* * *

வெள்ளிக்கிழமை கிருபன் கலியாணப் பகுதியைத் திறந்து காட்டினான்.

"இதில கலியாண விபரம் அடிச்சால் போதும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில வாசிக்கிற அறிவித்தலை இதுவே எழுதித் தரும். பாதர் ஒரு பொத்தானை அமத்தினால் தாள் வெளியில வரும்."

கோயிலில் கலியாணம் முடிக்கவிருப்பவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பது வழக்கம். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்பதற்காக. இவ்வளவு காலமும் அதை ஜசிந்தாதான் கையால் எழுதிக் கொடுத்துவந்தாள்.

"மாதிரிக்கு ஒண்டு அடிச்சுப் பாருங்கோ, மிஸ். உள்ள சோடியின்ர பேரைப் போடாதேங்கோ, பிறகு கலந்துபோகும். இல்லாத ஒரு சோடியைப் போடுங்கோ. நான் கடைக்குப் போய்த் தாள் வாங்கிக்கொண்டு வாறன்."

சைக்கிள் மணி மழைக்குள் தேய்ந்து மறைந்தது.

இல்லாத ஒரு சோடி...

ஜசிந்தா திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. மணமகன் என்று போட்ட இடத்தில் கோடு ஒன்று கண்சிமிட்டிச் சிமிட்டி அவளைக் கூப்பிட்டது. அவளுடைய விரல்கள் அவளிடம் கேட்கவில்லை. 'கிருபன்' என்று அடித்தன. தாயார் 'ராக்காயி' என்றன. கீழே வந்து, மணமகள் என்ற இடத்தில் 'ஜசிந்தா' என்றும் அடித்தன. அப்பா பெயர், அம்மா பெயர், ஒன்றும் விடவில்லை!

எவ்வளவு வடிவாக இருந்தது... இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாய், நெருக்கமாய்... முகம் சூடேறி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரேயொரு நிமிடம் பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

டப் என்று கரண்ட் போனது. திரை இருண்டது.

'அப்பாடா' என்று அவள் பெருமூச்சு விட்டாள். பழைய பெட்டியில் என்றால், அடித்து முடித்தபின் பதியச் சொல்லிப் பொத்தானை அமத்தினால்தான் பதியும். அமத்தமுன் கரண்ட் போனால் அடித்ததெல்லாம் அம்போதான். மூன்று வருடத்தில் எத்தனை தரம் அதை நினைத்து அழுதிருப்பாள்! இன்றைக்கு மட்டும் அந்தக் கரண்ட் வெட்டு அவளுக்கு அந்தோனியார் செய்த அற்புதம் போலிருந்தது.

புதுப் பெட்டி அப்படியல்ல. ஒரு வரியை விட்டு மறு வரிக்குப் போனாலே, அடித்ததை அது தானாகப் பதிந்துவிடும். அதை அவளுக்கு ஆரும் சொல்லவில்லை.

கரண்ட் திரும்பி வரமுன்பே அம்மா அவளைக் கூட்டிப்போக வந்துவிட்டாள். ஆறு மணிக்கு முன் வீடு போகவேண்டுமே. கிருபன் தாள்கட்டோடு நனைந்து திரும்பியபோது, ஜசிந்தா குடைக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்... அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

* * *

சனிக்கிழமை பாதருக்குப் புதுப் பொத்தானை அமத்திப் பார்க்கும் ஆசை வந்தது. அமத்தினார். தாள் அழகாக வெளியே வந்தது. குழந்தை மாதிரிச் சந்தோசப்பட்டு, வாசித்தும் பாராமல் கோப்புக்குள் வைத்துவிட்டு, முகாமில் பூசை வைக்கப் புறப்பட்டுவிட்டார். ஞாயிறு காலைப் பூசைக்கு வெளியூரிலிருந்து வேறொரு குருவானவர் வந்தார். அறிவித்தல் வாசிப்பது எப்போதும்போல், கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் செபமாலையின் வேலை.

மூப்பருக்குத் தடித்த கண்ணாடி. தாளில் என்ன இருக்கிறதோ அதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். இடையில் கோயில் கோபுரம் விழுந்தாலும் நிறுத்தமாட்டார்.

"திருமண அறிவித்தல். முதலாம் முறை." ஒலிபெருக்கி கரகரத்தது. "ராக்காயியின் மகன் கிருபனும்..."

பெண்கள் பக்கத்தில் முழந்தாளில் நின்ற ஜசிந்தாவுக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. இல்லை... இருக்காது...

"...காலஞ்சென்ற சூசைப்பிள்ளைக்கும் இராசமலருக்கும் மகளான ஜசிந்தாவும் திருமணம் செய்யவிருக்கிறார்கள். இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

வாசித்து முடித்தபிறகுதான் மூப்பர் கண்ணாடியைக் கழற்றி, தான் என்ன வாசித்தோம் என்று யோசித்தார்.

கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. 'ராக்காயியோ?' என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள். இராசமலரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால்... வாசலில் கிருபன். புது அச்சு இயந்திரம் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க வந்தவன். ஒலிபெருக்கியில் தன்னுடைய பெயரையும் தன் தாயின் பெயரையும் கேட்டு, சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

இராசமலர் நேரே அவனிடம் போனாள்.

"என்னடா நினைச்சுக்கொண்டாய்? தேப்பன் இல்லாத பிள்ளை எண்டால் ஆரும் பகிடி பண்ணலாமோ? தோட்டக்காட்டில இருந்து வந்த உனக்கு என்ர பிள்ளை கேக்குதோ?"

சனம் சுற்றி நின்றது. மூப்பரும் தன் பங்குக்கு, "கோயிலுக்குள்ள சேட்டை விடுறியோ தம்பி?" என்றார்.

கிருபன் திரும்பி ஜசிந்தாவைப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வையல்ல அது... காத்திருக்கும் பார்வை. ஒரு சொல். அவள் ஒரேயொரு சொல் சொன்னால் போதும்.

அத்தனை கண்களுக்கு முன்னால், 'நான்தான்' என்று எப்படிச் சொல்வது? குமர்ப்பிள்ளை தானாகவே ஒருத்தன் பெயரைத் தன்னுடைய பெயரோடு சேர்த்து அடித்தாள் என்றால்... அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"என்ர பிழைதான், அம்மா" என்றான் கிருபன். "சோதிச்சுப் பாக்க அடிச்சனான். எடுக்க மறந்திட்டன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவன் போனான். மழை இல்லாமலே அவளுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

* * *

திங்கள் வந்தது. அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மழை மட்டும் ஒழுங்காக வந்தது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜசிந்தாவின் நெஞ்சு ஒருதரம் துள்ளி அடங்கியது. துள்ள வைத்தவர்கள் தபால்காரனும் மூப்பரும். கிருபன் வாசித்துக் காட்டாததால் பெயர்கள் ஒன்றும் தமிழாகவில்லை. அவனுடைய கதிரையை யாராவது இழுத்துப் போட்டால் அவளுக்குக் கோபம் வந்தது. பக்கத்திலேயே இருந்தபோது வராத அழுகையெல்லாம் இப்போது வந்தது...

புதன்கிழமை வந்தான். சேட்டுப் பையில் பேனை, கையில் கருவிப் பை. அவளைப் பார்க்காமல் வேலை செய்தான். ஊர்களுக்கு இடம் வைத்து முடித்துவிட்டான். கொக்கிளாய் மறுபடி கொக்கிளாயானது. முள்ளியவளை முள்ளியவளையானது.

"பாருங்கோ மிஸ். ஒண்டும் விடுபடேல்லை."

"அண்டைக்கு..." அவள் விசைப்பலகையைப் பார்த்தபடி சொன்னாள். "அதை அடிச்சது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"நான் அடிக்காட்டி நீங்கள்தானே. பாதர் அடிச்சிருக்க மாட்டார்."

அந்த நேரம்தான் அவள் மனதில் இருந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் அவ்வளவு இறுகிக் கிடந்தது. என்மேல் ஒன்றும் இல்லாதவனிடம் போய் நானாக வழிந்து நிற்பதா என்று அந்தப் பாழாய்ப்போன ரோசம் வந்து வாயைத் திறந்தது.

"சும்மா... பகிடிக்குத்தான் அடிச்சனான்."

கிருபன் கருவிப் பையை மூடினான். மெதுவாக மூடினான்.

"பகிடிக்கோ... சரி. மூப்பர் எங்கட நிலையத்துக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில எல்லாருக்கும் முன்னால நான் மன்னிப்புக் கேக்கவேணுமாம். இல்லாட்டி இந்த வேலையை வேற ஆக்களுக்குக் குடுப்பினமாம். எங்கட முதலாளியும் போய்க் கேக்கச் சொல்லிட்டார். நானும் வாறன். உங்கட பகிடிக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன், மிஸ். வேற என்னாங்க செய்றது?"

அவனுடைய கண்கள் கலங்கியிருந்தன. அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று மழைக்குள் இறங்கிவிட்டான். குடைகூட எடுக்கவில்லை.

* * *

ஞாயிறு. கோயில் நிரம்பி வழிந்தது. பூசைக்குச் சனம் வந்ததா, வேடிக்கைக்கு வந்ததா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். இம்முறை பாதரே பூசை வைத்தார். முடியும் நேரம் மூப்பர் தாளோடு எழுந்தார்.

கதவடியில் கிருபன் நின்றான். பக்கத்தில் வெளுத்த சேலையோடு மெலிந்த ஒரு பெண். ராக்காயியாகத்தான் இருக்கவேண்டும். கண்கள் அப்படியே மகனுடைய கண்கள். மகன் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வந்தவள் போலில்லை. மகனைத் தனியே விடக் கூடாது என்று வந்தவளாகத் தெரிந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மாதா சுருவத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஜசிந்தாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சென்ற ஞாயிறு வாசிக்கப்பட்ட திருமண அறிவித்தல்," என்று தொடங்கினார் மூப்பர், "தவறுதலாக... அதைச் செய்த தம்பி இப்ப வந்து..."

கிருபன் ஒரு அடி முன்னால் வைத்தான். வாயைத் திறந்தான்.

"அவர் செய்யேல்லை!"

கோயில் முழுக்கத் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் ஜசிந்தா எழுந்து நின்றாள். இராசமலர் மகளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் இருக்கவில்லை.

"அவர் ஒரு பிழையும் செய்யேல்லை. அதை அடிச்சது நான். என்னைக் காப்பாத்தத்தான் தன்ர பிழை எண்டு சொன்னவர். எல்லாரும் அவரை ஏசேக்க நான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான்." கண்ணீர் தாடை வழியாக வழிந்தது. துடைக்கவில்லை. அவள் அவனைத்தான் பார்த்தாள். "புதன்கிழமை பகிடிக்கு அடிச்சனான் எண்டு சொன்னதும் பொய். பகிடிக்கு இல்லை... மனசில இருந்ததுதான் கையில வந்தது."

மூப்பர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார்.

"பாதர்... இப்ப நான் என்னத்தை வாசிக்கிறது?"

பாதருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "வாசிச்சது போதும், மூப்பர். இருங்கோ. தடை இருக்கிறவை சொல்லவேணும் எண்டுதானே வாசிச்சனாங்கள்... ஆருக்கும் சொல்ல இருக்கோ?"

"எனக்கு இருக்கு, பாதர்."

இராசமலர் எழுந்தாள். ஜசிந்தாவின் உயிர் ஒருதரம் நின்றது.

இராசமலர் மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. சனத்துக்கு நடுவால் கதவடிக்கு நடந்தாள். ராக்காயிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, போன கிழமை உங்கட பிள்ளையை நான் இந்த வாசலில வைச்சுச் சொல்லக் கூடாத சொல் சொல்லிப்போட்டன். என்ர மகள் செய்த வேலைக்கு அந்தப் பிள்ளை தலை குனிஞ்சு போனது. எங்களையும்தான் ஊர் ஊராய்க் கலைச்சவங்கள்... நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு நீங்கள் ரெண்டு பேரும் என்னை மன்னிக்க வேணும். அதுதான் தடை. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

ராக்காயி இராசமலரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அதெல்லாம் என்னாங்க பெரிய வார்த்தை... புள்ள அழுவுது பாருங்க. மொதல்ல அதக் கூப்பிடுங்க."

* * *

சனம் கலைந்துபோக மனமில்லாமல் கலைந்தது. இரண்டு அம்மாக்களும் வேப்பமரத்தடியில் ஒரே குடைக்குள் நின்று இடியப்ப மாவையும் வெங்காய விலையையும் பற்றி என்னவோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். கலியாணத்தைத் தவிர எல்லாம் கதைத்தார்கள். அதற்கு இனி எத்தனையோ பேச்சு இருக்கிறது. அவளுடைய ஆட்கள் கேட்பார்கள், அவனுடைய மாரியம்மன் கேட்பாள், சைவப் பிள்ளைக்கு உத்தரவு தர ஆயர் கேட்பார். கேட்கட்டும்.

அலுவலக வாசலில் மழைக்கு ஒதுங்கி அவர்கள் இருவரும் நின்றார்கள். ஜசிந்தாவுக்கு அவனை நிமிர்ந்து பார்க்க இப்போதுதான் வெட்கம் வந்தது. கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் வராத வெட்கம்!

"கோவமோ?" என்றாள்.

"ஓம்."

"எவ்வளவு?"

"பகிடி எண்டு சொன்னீங்கள் பாருங்கோ... அந்த நாலு இரவும் நான் நித்திரை கொள்ளேல்லை."

அவள் தலையைக் குனிந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நானும் ஒண்டு சொல்லவேணும், மிஸ். நீங்கள் வெள்ளிக்கிழமை வீட்டை போன பிறகு கரண்ட் வந்தது. பெட்டியைப் போட்டன்... ரெண்டு பேரும் அதில இருந்தது."

அவள் விலுக்கென்று நிமிர்ந்தாள். "அண்டைக்கே கண்டனீங்களோ?"

"கண்டனான். மாதிரிதானே, அழிச்சிடுவம் எண்டு பொத்தானில விரலை வைச்சன். அமத்த ஏலாமல் போச்சு. உங்கட பேருக்குப் பக்கத்தில என்ர பேரை, என்ர அம்மான்ர பேரோட சேத்து ஒரு ஆள் எழுதியிருக்கு... அதை நானே எப்பிடி அழிக்கிறது? திங்கள் வந்து உங்களிட்டக் கேப்பம், கேட்டுப்போட்டு அழிப்பம் எண்டு விட்டிட்டுப் போனன். பாதர் அதுக்குள்ள பொத்தானை அமத்துவார் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை."

"அப்ப... அண்டைக்கு வாசலில என்ர பிழைதான் எண்டு சொன்னது..."

"பொய் இல்லை. என்ர பிழைதான்."

மழை தாழ்வாரத்தில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. அவன் இமையில் நின்ற துளி மழைத்துளியா, வேறா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"திங்கள் வந்து என்ன கேக்க இருந்தனீங்கள்?"

கிருபன் வாயைத் திறந்தான்... மூடினான். ஊர் ஊராய் அலைந்த அத்தனை சனத்தையும் பத்திரமாக வீடு சேர்த்தவனுக்கு, இந்த ஒரு வசனத்தைக் கொண்டுவந்து சேர்க்கப் பெரும்பாடாக இருந்தது.

"உங்களுக்கு... என்னைப் புடிச்சிருக்காங்க?"

அவ்வளவு சங்கடம் அவனுக்கு!

ஜசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். கோயிலுக்கே கேட்கச் சொன்னவளால் இப்போது சத்தமாகச் சொல்ல முடியவில்லை. எட்டி அவனுடைய நனைந்த சேட்டுக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்" என்றாள். "இனி மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ."